கரண்ட் போனாலும் நிற்காத பெட்டி

ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்க இவ்வளவு அலைச்சலா என்று என் மனைவி கேட்டாள். பதில் இருந்தது, சொல்லத் தெம்பில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் அடைந்து கிடக்கும் ரிச்சி தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கச் சுற்றிவிட்டு, சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் பிடித்து, மந்தைவெளியில் இறங்கி, எங்கள் ஃப்ளாட்டின் இரண்டு மாடியும் ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து கிடந்தேன். அன்றைக்கு வாங்கி வந்தது கம்ப்யூட்டர்கூட இல்லை. அதற்கு ஒரு சார்ஜர். அதற்கு முன் வாங்கியது சரியில்லை என்று இன்னொன்று.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கில்லை, அக்காவுக்கு. அக்கா கொட்டிவாக்கத்தில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் அப்பா தெற்கேயிருந்து வந்து தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கடைசிவரை துணி கிழித்துக் கொடுத்தவர். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கிருந்தோ ரேடியோ பைத்தியம் பிடித்து, இருபது வயதுகளில் பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினோம். வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசலாம், காசு வாங்கக் கூடாது, அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறியைத்தான் பெயராகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஹாம். பரீட்சையில் என்னைவிட அக்காவுக்கு மதிப்பெண் அதிகம். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அறுபதைத் தாண்டியதும் அவளுக்குக் காது போக ஆரம்பித்தது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அது மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. "அதைப் போட்டா மிக்ஸி மட்டும்தான்டா நல்லாக் கேக்குது" என்றாள். போனில் பேசினால் நான் ஒன்று சொல்ல அவள் ஒன்றுக்குப் பதில் சொல்வாள். ரேடியோவில் குரலும் போயிற்று, தந்தி மாதிரி ஒலிக்கிற மோர்ஸும் போயிற்று. அப்போதுதான் டிஜிட்டல் பக்கம் திரும்பினோம். தட்டச்சு செய்கிற எழுத்துகளைக் கம்ப்யூட்டர் மெல்லிய சீழ்க்கையாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். ரேடியோ அதை அனுப்பும். எதிர்முனையில் இன்னொரு கம்ப்யூட்டர் அதைப் பிடித்துத் திரும்ப எழுத்தாக்கும். இரைச்சலுக்கு அடியில் கிடக்கிற சத்தத்தைக்கூட அது பொறுக்கியெடுத்துவிடும். காது என்ற ஒன்றே வேண்டாம். ராத்திரி விளக்கு எரிகிற அளவுக்கு மின்சாரம் இருந்தால் கொட்டிவாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு என்ன, கடல் தாண்டியும் போகும்.

வாட்ஸப் இருக்கிறதே என்று எல்லாரும் கேட்டார்கள். அக்காவைத் தெரியாதவர்கள். "அதுல நீ சாப்டியா, மாத்திரை போட்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்பே. ரேடியோல கேக்க மாட்டே" என்றாள். அது உண்மை. இந்த முறையில் எழுத்துகள் ஆமை வேகத்தில்தான் போகும். அதுவும் ஆங்கில எழுத்துகள் மட்டும். ஒருமுறை துணிந்து SAAPTIYA என்று அனுப்பினேன். பாதி நிமிடம் கழித்து 73 என்று பதில் வந்தது. ஹாம்களின் வழக்கத்தில் அதற்கு வணக்கம், போய் வருகிறேன் என்று அர்த்தம். அக்கா அனுப்பினால் வாயை மூடு என்று அர்த்தம்.

அவள் தனியாக இருக்கலாமா, கூடாதா என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. எங்களோடு வந்துவிடச் சொல்லி என் மனைவி தலைகீழாக நின்று பார்த்தாள். "உங்க மொட்டைமாடில ஆண்டெனா கட்ட எடம் இருக்கா?" என்று கேட்டு அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். இடம் இல்லைதான். என்னுடைய ஒற்றை வயருக்கே ஃப்ளாட் சங்கத்தில் இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். தினமும் காலையில் அவளுடைய அழைப்புக்குறி என் திரையில் தெரிய வேண்டும். தெரிந்தால் யாரும் போன் பண்ணக் கூடாது, வந்து எட்டிப் பார்க்கக் கூடாது, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. தெரியாவிட்டால் நான் டூப்ளிகேட் சாவியோடு வரலாம். அவள் அங்கே தனியாக இருப்பது இந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்தைச் சீழ்க்கையாக்கும் அந்த மென்பொருளில் இதற்கென்றே செய்து வைத்தது போல ஒரு வசதி உண்டு. 'நான் இருக்கிறேன்' என்று குறிப்பிட்ட இடைவெளியில் அழைப்புக்குறியைத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹார்ட்பீட். பெயரைப் படித்ததும் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தோசைக்கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "ஒரு போன் பண்ணிடலாம்ல?" என்று கேட்டாள்.

முதலில் அக்காவிடம் இருந்தது என் பழைய லேப்டாப். அதன் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிவிட்டது. வயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி அணைந்துவிடும். கொட்டிவாக்கத்தில் கரண்ட் போவதற்குக் காரணம் வேண்டியதில்லை. காற்றடித்தால் போகும், அடிக்காவிட்டாலும் போகும். காலையில் கரண்ட் போகும், லேப்டாப் அணையும், அக்கா என் திரையிலிருந்து காணாமல் போவாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிப்பேன். அடையாறு பாலம், பிறகு திருவான்மியூர் சிக்னல், அது கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசல். போய் மூச்சிரைக்க நின்றால் அக்கா செய்தித்தாளோடு கதவைத் திறப்பாள்.

"எதுக்கு வந்தே?"

"காணோமேன்னு" என்று காதருகில் கத்துவேன்.

"கரண்ட் போச்சு. ஊர்ல கரண்ட் போகாத வீடு இருக்கா? அதுக்கு ஓடி வர்றதா?"

காபி தருவாள். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தருவாள். உளவு பார்க்க வந்தவனுக்குக் கொடுக்கிற காபி அது. எனக்கும் முழங்கால் வலி. மத்தியான வெயிலில் திரும்பி வந்து படுத்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க முடியாது. எனவே கரண்ட் போனாலும் நிற்காத, மின்சாரம் அதிகம் குடிக்காத, ஒரு சின்ன பேட்டரியில் நாளெல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். கேட்க எளிமையான காரியம்.

இரண்டாவதாக வந்தது உள்ளங்கை அளவு சர்க்யூட் அட்டையாகவே இருக்கும் கம்ப்யூட்டர். பெட்டியும் கிடையாது, விசிறியும் கிடையாது, போன் சார்ஜர் போட்டால் ஓடும். இணையத்தில் எல்லாரும் அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு காலையில் கரண்ட் போய் வந்ததும் அக்காவைக் காணவில்லை. ஓடினேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா கூப்பிடுறேன், ஏன்டா பதிலே சொல்லல?"

விஷயம் இதுதான். இந்த முறையில் அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவருடைய கடிகாரமும் நொடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். நேரத்தைச் சின்னச் சின்னப் பங்காக வெட்டி, பங்கு தொடங்குகிற நொடியில் பேசத் தொடங்க வேண்டும். அந்த அட்டையில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. இணையத்தைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். கரண்ட் போய் இணையமும் போனால், அணைந்த நேரத்தையே நினைத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். ரேடியோ வேலை செய்யும், விளக்கு எரியும், அக்கா தட்டித் தட்டி அனுப்புவாள், உலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கும் அது எழுத்தாகத் தெரியாது. நான் அவளைக் காணோம் என்று ஓடிக்கொண்டிருக்க, அவள் நான் எங்கே தொலைந்தேன் என்று கவலைப்பட்டிருக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜையில் என் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

அதற்கு ஒரு கடிகாரத் துண்டு வாங்கி ஒட்டினேன். அடுத்து சார்ஜர். மலிவான சார்ஜர்கள் கரண்டோடு சேர்த்து இரைச்சலையும் கிளப்பும். மனிதக் காதுக்குக் கேட்காது, ரேடியோவுக்குக் கேட்கும். அட்டை குடிக்கிற மின்சாரம் கொஞ்சம்தான், ஆனால் அதற்குப் பால் ஊட்டுகிற சார்ஜர் ஊரைக் கூட்டியது. என் சமிக்ஞை அவளுடைய ரேடியோவுக்குக் கேட்கவில்லை. சார்ஜர் மாற்றினேன், இரைச்சலை அடக்க வயரில் இரும்புத்தூள் வளையம் மாட்டினேன், மறுபடியும் மாற்றினேன். சோபாவில் செருப்போடு விழுந்தது அந்தக் கட்டத்தில்தான். கடைசியில் எல்லாம் சரியானபோது, அடிக்கடி கரண்ட் போய் வந்ததில் அட்டையின் மெமரி கார்டு கெட்டுப்போயிற்று. நான் எதற்கும் அழுகிறவன் இல்லை. அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது கண் கலங்கியது. அக்காவுக்காக இல்லை, அலுப்பில்.

மூன்றாவது பெட்டியை ஒரு பழைய சாமான் கடையில் பார்த்தேன். கடைகளில் பில் போடும் மேஜையில் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி. கடைக்காரர் அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"இன்னா சார் யோசிக்கற? ஃபேன் கெடியாது, சவுண்டு கெடியாது. பொட்டி சூடுகூட ஆவாது. தூக்கிப் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும்."

அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. உள்ளே கடிகாரத்துக்கு பட்டன் பேட்டரி இருந்தது. ரேடியோ ஓடுகிற அதே வோல்ட்டில் அதுவும் ஓடியது. இரண்டையும் ஒரே லித்தியம் பேட்டரியில் மாட்டினேன். அதை நிரப்ப, செங்கல் கனத்தில் இருக்கும் பழைய மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர், இரைச்சலே வராதது. கரண்ட் இருந்தால் பேட்டரி நிரம்பும், போனால் பேட்டரியில் ஓடும், இடையில் ஒரு கணம்கூட நிற்காது. எப்போதாவது நின்றாலும் தானாக விழித்து, தானாக மென்பொருளைத் திறந்து, தானாக ஹார்ட்பீட் அனுப்பத் தொடங்கும்படி அமைத்தேன்.

இன்னும் ஒரே ஒரு தொல்லை. யாரும் ஒரு மணி நேரம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் ஹார்ட்பீட்டை நிறுத்திவிடும்படி அந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அக்கா காலையில் அரிசி களைந்து, மீன் நறுக்கி, பேப்பர் படித்து வருவதற்குள் அது நின்றுவிடும். அப்படி ஒரு தடவையும் ஓடினேன். அமைப்புகளைத் தேடி, அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "எல்லாத்தையும் அதுவே செஞ்சுக்குமா? அப்ப நான் எதுக்குடா?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பிறகு பல மாதங்கள் நிம்மதி. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் வாழ்க்கையிலேயே சுகமான காலைகள் அவை. காபியோடு உட்காருவேன். திரையில் அவள் அழைப்புக்குறி வந்து நிற்கும். "அக்கா வந்தாச்சு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பேன். "வந்தாச்சா" என்று பதில் வரும். காற்றும் மழையுமாக நகரமே இருண்டு கிடந்த ஒரு நாளிலும் அந்த வரி தவறவில்லை. நான் தேர்ந்தெடுத்த பெட்டி, நான் தேர்ந்தெடுத்த பேட்டரி என்று எனக்குள் ஒரு கர்வம். முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கும் காபி, அன்றைக்கும் அந்த வரி. என் மனைவி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருந்தாள். "மதினிக்கு வேணுமான்னு கேளுங்க" என்றாள். OORUGAI VENUMA என்று அனுப்பினேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஹார்ட்பீட் வந்தது. உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் போன வாரம் நினைவுபடுத்தியிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். "பதில் சொல்லல, ஆனா இருக்கா" என்று மனைவியிடம் சொன்னேன். மத்தியானம் ஒருமுறை பார்த்தேன், வரி இருந்தது. தூங்கி எழுந்து பார்த்தேன், வரி இருந்தது.

சாயங்காலம் என் மனைவியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள், அதை என்னிடம் நீட்டினாள். அக்கா வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டு வரும் அம்மா. அவரிடம் என் மனைவிதான் எப்போதோ நம்பர் கொடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

"சார், அக்கா கதவத் தொறக்க மாட்டேங்குது. காலைலயும் வந்து தட்டிக்கினே இருந்தேன். பால் பாக்கிட்டு வாசல்லயே கீது. ஊருக்கு எங்கனா போய்க்குதா?"

"இல்லம்மா, வீட்லதான் இருக்காங்க. இப்பதான் பார்த்தேன்" என்றேன்.

"பாத்தியா? எங்க பாத்த சார்?"

திரையைப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு புது வரி வந்து விழுந்தது. அக்காவின் அழைப்புக்குறி, அதற்குப் பக்கத்தில் ஹார்ட்பீட் என்ற சொல். வாசலில் பால் கெட்டுக்கொண்டிருக்கிறது, இங்கே இது வருகிறது. என் மனைவி அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பு போட்டுவிட்டாள்.

அந்தப் பாதையில் எத்தனையோ தடவை வீணாகப் போயிருக்கிறேன். அடையாறு பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. போன தடவைகளிலெல்லாம் சலித்துக்கொண்டு போனேனே, அதே சலிப்போடு திரும்பி வருகிற மாதிரி ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா கதவைத் திறந்து எதுக்கு வந்தே என்று கேட்க வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி தர வேண்டும். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாவி போட்டுத் திறந்து உள்ளே போனோம். அக்கா குளியலறை வாசற்படியில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தாள். நினைவு இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்ததால் துளிகூட நகர முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. கதவு தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. மீன்கார அம்மா கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, "இன்னாக்கா இது" என்று தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். என் மனைவி ஸ்பூனில் தண்ணீர் ஊற்றினாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டு நின்றபோது எதிர் மேஜையில் ரேடியோவின், அனுப்பும்போது மட்டும் எரிகிற, சிவப்பு விளக்கு எரிந்தது. ஹார்ட்பீட் போய்க்கொண்டிருந்தது.

அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள். எங்கள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கப் பழகினாள். திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் அக்கா, சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு யாரோ. என் மனைவி அவளுக்குத் தலை வாரிவிட்டாள், அவளும் குழந்தை மாதிரி குனிந்து காட்டினாள்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ராப்பகலாக யோசித்து, இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று கண்டுபிடித்தேன். ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் கருவி ஒன்று, குளியலறையில் ஒரு பட்டன், இரண்டையும் அதே பெட்டியில் இணைக்கலாம், மின்சாரமும் பெரிதாக ஆகாது. படம் வரைந்து அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"கீழ கெடந்தேன்ல, அங்கேருந்து அந்த சிவப்பு லைட்டு நேராத் தெரியும்டா" என்றாள். காது கேட்காதவர்களின் உரத்த குரலில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "ஒவ்வொரு தடவை அது எரியும்போதும் நீ அங்க பார்த்துட்டு, அக்கா வந்தாச்சுன்னு காபி குடிப்பேன்னு நெனச்சுப்பேன். அதைப் பிடுங்கிப் போட்டுட்டா நீ ஓடி வந்துருவே. எனக்குத் தெரியும். கை எட்டல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"மத்தியானம் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு. அப்பாடா, இனிமே அது நின்னுரும், இதோ வந்துருவான்னு நெனச்சேன். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்." எங்கள் வாசல் பக்கம் பார்த்தாள். "அப்புறம் பாத்தா, அது திரும்ப எரியுது."

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். குறை சொல்கிற குரலே இல்லை. "நல்ல பேட்டரிதான்டா" என்றாள்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் இப்போது கொட்டிவாக்கத்தில்தான் இருக்கிறாள். அன்றைக்குப் பிறகு, போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினோம், கத்தினோம், அதில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை. ஒருநாள் அந்த வாக்கரை ஹாலில் டங்கென்று வைத்து, "என்னைக் கொண்டுபோய் விடுறியா, நானே ஆட்டோ பிடிச்சுக்கட்டுமா?" என்றாள். அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று புரிந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்தாள். மீன்கார அம்மாவிடமும் ஒரு சாவி இருக்கிறது.

கறுப்புப் பெட்டியையும் பேட்டரியையும் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அவை என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அக்காவின் மேஜையில் மறுபடியும் என் பழைய லேப்டாப்தான். மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கிறது, விசிறி கரகரக்கிறது. எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டேன். தொடாவிட்டால் நின்றுவிடும். பேட்டரி செத்ததுதான், மாற்றவில்லை. கரண்ட் போனால் அடுத்த நொடி அணைந்துவிடும்.

இதைக் கேட்ட ஹாம் நண்பர் ஒருவர், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற எத்தனையோ நல்ல பெட்டிகள் வந்திருக்கின்றன, நீங்கள் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. இருக்கட்டும், பழகிவிட்டது என்றேன்.

கொட்டிவாக்கத்தில் கரண்ட் இப்போதும் காரணமில்லாமல்தான் போகிறது. திரையில் வரி நின்றால் நான் கிளம்பிவிடுகிறேன். கரண்டாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும், முழங்கால் அதையே இன்னும் பலமாகச் சொல்லும். அடையாறு பாலம், திருவான்மியூர் சிக்னல், நெரிசல், வெயில். வீணாகத்தான் போகிறேன், வீணாகத்தான் திரும்புகிறேன். போன வாரமும் அப்படித்தான். வியர்த்து விறுவிறுத்துப் படியேறினால் கதவு ஏற்கனவே திறந்திருந்தது. ஃபேன் ஓடவில்லை. அக்கா வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதுக்கு வந்தே என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. பக்கத்து ஸ்டூலில் இரண்டு டம்ளர் காபி தட்டு போட்டு மூடி வைத்திருந்தது.